காக்கித் துணியும் பஞ்சப்படியும்: பெரம்பூர் முதல் பொன்மலை வரை போர்க்காலத் தொழிற்கிளர்ச்சி

புதுக்கோட்டை மாவட்டம் ஆலைகளால் பெயர் பெற்ற மண் அன்று. கண்மாய்ப் பாசனத்தையும் மானாவாரியையும் நம்பிப் பிழைத்த இந்தப் பழைய தொண்டைமான் சமஸ்தானத்தில், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை, பெருந்தொழில் என்று சொல்லிக்கொள்ள அதிகம் இருந்ததில்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் குடும்பம் குடும்பமாகக் கிளம்பியவர்கள் இலங்கையின் தேயிலை மலைகளுக்கும் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கும் போனார்கள். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த சிலோன் தொழிலாளர் ஆணையகம் பக்கத்துத் திருச்சிராப்பள்ளியில்தான் தலைமையிடம் வைத்திருந்தது. பொன்னமராவதி, இராயவரம் பக்கத்து நகரத்தார் பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடத்தினர். 1929இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டைக்கு ரயில் வந்தபோது, அந்தப் பாதையின் வடமுனையில் அப்போதுதான் எழுந்து நின்ற பொன்மலை ரயில்வே பணிமனை, இவ்வட்டாரத்துக்கு மிக அருகிலிருந்த பெரும் தொழிற்கூடமாயிற்று. ஆகவே இரண்டு உலகப் போர்களும் இம்மாவட்டத்து வீடுகளுக்குள் நுழைந்த வழி அரிசி விலையும், அக்கரையிலிருந்து வராமல் நின்றுபோன மணியார்டரும், கூலிக்குப் போன இடத்தில் நடந்த போராட்டங்களின் செய்தியும்தாம்.

அந்த இரண்டு போர்க்காலங்களிலும் தமிழ்த் தொழிலாளர் நடத்திய கிளர்ச்சிகளை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது, ஒரே வரிசையிலான நிகழ்ச்சிகள் கால் நூற்றாண்டு இடைவெளியில் இருமுறை நடந்திருப்பது கண்ணில் படுகிறது. போர் நடக்கும்போது உற்பத்தி நிற்கக்கூடாது என்று தொழிலாளரிடம் கேட்கப்படுகிறது. அவர்களுடைய தலைவர்களே அதை எடுத்துச் சொல்கிறார்கள். தொழிலாளர்களும் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறார்கள். போர் முடிந்ததும், ஒத்திப்போட்ட கணக்கைத் தீர்க்கச் சொல்லி அவர்கள் எழும்போது, நீதிமன்றத் தடையாணையும் ஆட்குறைப்பும் துப்பாக்கிச்சூடும் பதிலாக வருகின்றன. 1918க்கும் 1921க்கும் இடையே சென்னைப் பெரம்பூரில் நடந்ததும், 1940களில் பொன்மலையில் நடந்ததும் இந்த வகையில் உடன்பிறந்த நிகழ்ச்சிகள். 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தையும் 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தையும் படிப்பவர், அவற்றின் பின்னால் இந்த இரண்டு ஊர்களையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

விலைவாசி ஏறும்போது கூலிக்கு மேல் தரப்படும் ஈட்டுத்தொகையைத் தமிழ்த் தொழிலாளர்கள் பஞ்சப்படி என்று அழைத்தனர். பின்னாளில் அரசாணைகளில் அது அகவிலைப்படி ஆயிற்று. அகவிலை என்பதற்குத் தானியத்தின் விலை என்பதே பழைய பொருள்; படி என்பதோ அன்றாடச் செலவுக்குத் தரும் தொகைக்கும் நெல் அளக்கும் அளவைக்கும் பொதுவான பெயர். எந்தப் பெயரைச் சொன்னாலும் அந்தச் சொல்லின் வயிற்றில் தானியம் இருக்கிறது. போர்க்காலக் கிளர்ச்சிகளை அரசியல் தலைவர்களின் உரைகளைக் கொண்டு மட்டும் விளங்கிக்கொள்ள முயல்வோர் இந்தச் சொல்லைச் சற்று நின்று கேட்க வேண்டும்.

சென்னையின் வடபகுதியில், பெரம்பூருக்கும் புளியந்தோப்புக்கும் இடைப்பட்ட பரப்பில், பின்னி நிறுவனத்தின் நிர்வாகத்தில் இரண்டு பஞ்சாலைகள் இருந்தன. பக்கிங்ஹாம் ஆலை 1876இலும் கர்நாட்டிக் ஆலை 1881இலும் தொடங்கப்பட்டவை; 1920இல் அவை ஒரே நிறுவனமாக இணைந்தன. இரண்டிலும் சேர்ந்து ஏறத்தாழ 10,000 பேர் வேலை செய்தனர். சாயம் போகாத காக்கித் துணி இவ்வாலைகளின் தனிச்சிறப்பு. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டெரித்துவிட்டுப் போனபோது நகரத்தில் பாதிப்பேர் ஊரைக் காலிசெய்தார்கள் என்று சொல்வதுண்டு. ஆனால் பெரம்பூரைப் பொறுத்தவரை போர் என்பது ஆளை விரட்டிய குண்டாக இல்லாமல், ஓயாமல் வந்துகொண்டிருந்த காக்கிக் கொள்முதலாக இருந்தது. வாங்குபவர் அரசாங்கமே என்பதால் விற்காமல் தேங்கும் அச்சம் ஆலைக்கு இல்லை. ஐரோப்பாவிலிருந்து வந்துகொண்டிருந்த துணி குறைந்துபோனதால் உள்ளூர்ச் சந்தையிலும் போட்டி தளர்ந்தது. ஆலைக்கு நல்ல காலம். அதே காலத்தில் அரிசியும் மண்ணெண்ணெயும் துணியும் விலையேறின. தான் நெய்த துணியையே வாங்க முடியாத நெசவாளி என்பது மிகையாகச் சொன்ன பேச்சன்று.

அன்று நடைமுறையிலிருந்த 1911ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலையில் வயது வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 12 மணி நேர வேலையை அனுமதித்தது. இடையில் அரை மணி நேர ஓய்வு போதும் என்றது. அந்த அரை மணி நேரத்தைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். மணி அடித்ததும் தறியை நிறுத்த வேண்டும். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வெளியேறும் நெரிசலில் நகர வேண்டும். தலையிலும் மூக்கிலும் ஒட்டிய பஞ்சுத் தூசியைத் தட்டிக் கையலம்பத் தண்ணீருக்குக் காத்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து சோறு கொண்டுவந்தவரைக் கூட்டத்தில் தேட வேண்டும். உண்டு முடித்து அதே நெரிசலில் திரும்பி, அடுத்த மணிக்கு முன் தறியருகே நிற்க வேண்டும். சில நிமிடம் பிந்தினால் வாயில் சாத்தப்படும். அரை நாள் கூலி போகும். சோற்றை மெல்ல நேரமில்லை, விழுங்கிவிட்டு ஓடுகிறோம் என்பதே தொழிலாளர்கள் அடுத்திருந்த கடைக்காரர்களிடம் முதலில் சொன்ன குறை. கூலி உயர்வைப் பற்றிப் பேசும் முன்பே அவர்கள் நிமிடத்தைப் பற்றிப் பேசினார்கள்.

அதைக் காதில் வாங்கியவர்கள் கோ. செல்வபதி செட்டியாரும் கோ. இராமாநுஜுலு நாயுடுவும். இருவரும் வணிகர்கள்; ஆலைப் பகுதியில் வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்ற பக்திச் சங்கத்தை நடத்தி வந்தவர்கள். மாலையில் கதை கேட்கவும் பஜனைக்கும் வந்து உட்காரும் ஆலைத் தொழிலாளர்களின் முகத்தை அன்றாடம் பார்த்தவர்களுக்கு அவர்களுடைய பாடு தெரியாமல் போகாது. 1918 மார்ச் 2 அன்று இச்சபையின் ஏற்பாட்டில், அப்போது 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியராக இருந்த திரு. வி. கலியாணசுந்தரனார் (திரு.வி.க.) தொழிலாளரிடையே பேசினார். அடுத்து இவ்விருவரும் அன்னி பெசன்ட் அம்மையாரின் 'நியூ இந்தியா' அலுவலகத்துக்குச் சென்று பி. பி. வாடியாவைச் சந்தித்தனர். பம்பாய்ப் பார்சி குடும்பத்தில் பிறந்த வாடியா பிரம்மஞான சபையின் ஊழியர், தமிழ் அறியாதவர். அவர் ஆங்கிலத்தில் பேச, உடனிருப்போர் தமிழில் எடுத்துச் சொல்வார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. இந்தியாவில் முறைப்படி அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர் பலர் இதைக் கொள்கின்றனர். அதன் வேர் ஒரு பஜனைக் கூடத்தில் இருந்தது என்பது, தமிழ்நாட்டுத் தொழிலாளர் இயக்கம் வெளியிலிருந்து கொண்டுவந்து நடப்பட்டது என்று கருதுவோர் கவனிக்க வேண்டிய செய்தி.

முந்திய ஆண்டில்தான், 1917 ஜூனில், சுயாட்சிக் கிளர்ச்சிக்காகப் பெசன்ட் அம்மையாருடனும் அவருடைய சகாவான அருண்டேலுடனும் வாடியாவைச் சென்னை அரசு உதகையில் காவலில் வைத்திருந்தது. செப்டம்பரில்தான் அவர்கள் விடுவிக்கப்பட்டனர். அப்படிப்பட்டவர் 1918இல் பெரம்பூர்த் தொழிலாளரிடம், வேலைநிறுத்தம் வேண்டாம் என்று வற்புறுத்தினார். நிர்வாகத்தின் இலாபம் குறைவதைப் பற்றித் தமக்குக் கவலையில்லை, ஆனால் தறி நின்றால் நேச நாட்டுப் படைவீரருக்கு உடை கிடைக்காது என்பது அவர் வாதம். பிற்கால இடதுசாரி எழுத்தாளர்கள் இதை ஏகாதிபத்தியத்துக்குப் பணிந்த போக்கு என்று கடிந்தனர். போருக்கு உதவினால் அதற்கு ஈடாகச் சுயாட்சி கிடைக்கும் என்று அன்றைய தேசியவாதிகளில் பலர் உண்மையாகவே நம்பினார்கள் என்பதை மறந்துவிட்டுத் தரும் தீர்ப்பு அது. ஆயினும் அந்தக் கணக்கில் தொழிலாளியின் பங்கு என்ன என்று யாரும் அவனிடம் கேட்கவில்லை. அவனுடைய பொறுமையை அவன் சார்பில் வேறொருவர் வாக்களித்தார். பலன் என்று பார்த்தால், உணவு இடைவேளை 30 நிமிடத்திலிருந்து 40 நிமிடமாயிற்று. அதே ஆண்டின் கடைசி மாதங்களில், போர்த் துணி நெய்யும் அந்த ஆலையின் கதவை நிர்வாகமே அடைத்தது. வேலையாள் தானாக நிறுத்துவது வேலைநிறுத்தம் என்றால், முதலாளி வேலை தர மறுத்து வாயிலைச் சாத்துவது கதவடைப்பு. தறி நின்றால் போர்முனை என்னாகும் என்ற கேள்வி தொழிலாளரிடம் மட்டுமே கேட்கப்பட்டதாகத் தெரிகிறது.

1918 தென்னிந்தியாவுக்கு மிகக் கொடிய ஆண்டு. பருவமழை பொய்த்தது, கப்பல்களைப் போருக்கு எடுத்துக்கொண்டதால் பர்மா அரிசி வருவது தடைப்பட்டது, நச்சுக் காய்ச்சல் என்று மக்கள் அஞ்சிய இன்ஃபுளுவென்சா வீடுவீடாகப் புகுந்தது. செப்டம்பரில் சென்னைக் கடைவீதிகளில் அரிசிக் கொள்ளை மூண்டது. மாகாணத்தின் வேறு பல ஊர்களிலும் தானியக் கிடங்குகள் உடைக்கப்பட்டன. சங்கம் அமைத்து மனுக் கொடுப்பதும், பதுக்கிய மூட்டையைப் பிரித்தெடுப்பதும் ஒரே பசிக்கு இருவேறு வழிகளாக அந்த ஆண்டில் அருகருகே நின்றன. அதே ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அகமதாபாத்தில், கொள்ளைநோய்க்கு அஞ்சி ஓடாமலிருக்கத் தந்த பிளேக் போனசை ஆலை முதலாளிகள் நிறுத்தியபோது, தொழிலாளர்கள் 35 விழுக்காடு உயர்வு கேட்டனர்; காந்தியடிகள் உண்ணாநோன்பிருந்தார். 1919 ஜனவரியில் பம்பாயில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஆலைத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். பிரிட்டனிலும் நிலைமை அமைதியாக இல்லை. ஸ்காட்லாந்தின் கிளைடு ஆற்றங்கரை இயந்திரத் தொழிலாளர்கள் 1915 பிப்ரவரியில் வேலையை நிறுத்த, ஜூலையில் அந்நாட்டு அரசு போர்த்தளவாடச் சட்டம் இயற்றியது. அதன்படி போர்த்தொழிலில் உள்ளவர் வேலைநிறுத்தம் செய்வது குற்றம். வேறிடத்துக்கு வேலை மாற விரும்பினால் பழைய முதலாளியிடம் விடுகைச் சான்று பெற வேண்டும். இந்தச் சட்டத்தின் சாயலைக் கால் நூற்றாண்டு கழித்து இந்தியாவில் காணப்போகிறோம்.

போர் முடிந்தது, விலை இறங்கவில்லை. வாடியா 1919இல் வாஷிங்டனில் கூடிய முதல் அனைத்துலகத் தொழிலாளர் மாநாட்டுக்கு, இந்தியத் தொழிலாளர் பிரதிநிதி என். எம். ஜோஷியுடன் சென்று வந்தார். 1920 அக்டோபரில் பக்கிங்ஹாம் ஆலையின் நெசவுப் பகுதியில் ஒரு வேலையிடத்தை யாருக்குத் தருவது என்று எழுந்த தகராறு முற்றிக் கதவடைப்பில் முடிந்தது. டிசம்பர் 9 அன்று, வேலைநிறுத்தத்தை முறித்து வேலைக்குப் போனவர்களை, அதாவது தொழிலாளர் பேச்சில் கருங்காலிகளை, ஏற்றி வந்த வண்டியின்மீது கல் விழ, போலீசார் சுட்டதில் இருவர் இறந்தனர். ஆனால் அந்த ஆண்டு சங்கத்தை முறித்தது உயர்நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட உரிமையியல் வழக்கு. தொழிலாளர்கள் தன்னுடன் செய்துகொண்ட வேலை ஒப்பந்தத்தை மீறும்படி வாடியாவும் பிறரும் தூண்டினர் என்று சொல்லி, நிர்வாகம் அவர்கள்மீது இழப்பீடு கேட்டது; அவர்கள் தொழிலாளரிடம் பேசவே கூடாதென இடைக்காலத் தடையாணையும் பெற்றது. பிரிட்டனில் 1906ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய வழக்குகளிலிருந்து சங்கங்களுக்குக் காப்பு அளித்திருந்தது. இந்தியாவில் அப்படி எந்தக் காப்பும் இல்லை. அரசரின் ஒரே ஆட்சிக்குள் இலண்டன் தொழிலாளிக்கு உரிமையாக இருந்தது பெரம்பூர்த் தொழிலாளிக்குக் குற்றமாயிற்று. 1921 தொடக்கத்தில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி வாடியா தொழிலாளர் இயக்கத்திலிருந்து விலகினார்.

அதே ஆண்டின் பிற்பகுதியில் நடந்தது, தமிழ்நாட்டுத் தொழிலாளர் வரலாற்றிலேயே மிக வருத்தத்துக்குரிய பகுதி. ஜூன் 20 அன்று தொடங்கிய வேலைநிறுத்தத்தில் சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் பெரும்பாலும் வெளியே நிற்க, ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஒரே தறிக்கூடத்தில் வேலை செய்தவர்கள் தெருவில் ஒருவரையொருவர் தாக்கிக்கொண்டனர். ஆகஸ்ட் 29 அன்று நடந்த துப்பாக்கிச்சூட்டில் மேலும் உயிர்கள் போயின. அப்போது சங்கத்தை முன்னின்று நடத்திய திரு.வி.க.வை நாடு கடத்தப்போவதாக ஆளுநர் வில்லிங்டன் எச்சரித்தார். அக்டோபர் வரை நீண்ட போராட்டம் தொழிலாளருக்கு எதுவும் பெற்றுத்தராமல் முடிந்தது. அப்போது மாகாணத்தில் ஆட்சியிலிருந்த நீதிக்கட்சிக்குள்ளும் இது பிளவை உண்டாக்கியது. ஆதிதிராவிடர்களுக்கு அரசு சலுகை காட்டியதே கலவரத்துக்குக் காரணம் என்று கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் தரப்பு கூற, ஆதிதிராவிடத் தலைவர் எம். சி. ராஜா அதை வன்மையாக மறுத்தார்.

வேலைக்குத் திரும்பியவர்களைக் கருங்காலிகள் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது நேர்மையாகாது. மாதக்கணக்கில் கூலியின்றி இருக்க வேண்டுமானால் சொந்த ஊரில் ஒரு துண்டு நிலமோ, கடன் தர உறவினரோ இருக்க வேண்டும்; ஆதிதிராவிடத் தொழிலாளியிடம் இவ்விரண்டும் இருந்ததில்லை. ஆலைக்கு வெளியே அவனைத் தெருவுக்குள் விடாதவர்கள், ஆலைக்குள் வந்ததும் தோழனாக நில் என்று கேட்டபோது அவன் தயங்கியதில் வியப்பில்லை. நிர்வாகம் அந்தத் தயக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டது என்பது உண்மை. ஆனால் தயக்கத்தை நிர்வாகம் உண்டாக்கவில்லை, அது ஊரிலிருந்தே வந்தது.

பெரம்பூர் தோற்றது, ஆனால் அந்தத் தோல்வியிலிருந்து சட்டங்கள் பிறந்தன. 1922இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைச் சட்டம் வேலை நேரத்தை நாளுக்கு 11 மணியாகவும் வாரத்துக்கு 60 மணியாகவும் குறைத்து, இடையே ஒரு மணி நேர ஓய்வை வகுத்தது. சோறு தின்ன நேரம் கேட்டவர்களுக்கு ஒரு மணி நேரம் கிடைத்தது, நான்கு ஆண்டுகள் கழித்து. வாடியா மீதான வழக்கைக் கண்டு அதிர்ந்த என். எம். ஜோஷி 1921 மார்ச்சில் மத்தியச் சட்டமன்றத்தில் தொழிற்சங்கச் சட்டம் வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவந்தார். 1926இல் அது சட்டமாயிற்று. பதிவு பெற்ற சங்கத்தின் நிர்வாகிகள்மீது, தொழில் தகராறை ஒட்டி ஒப்பந்தத்தை மீறத் தூண்டினர் என்று உரிமையியல் வழக்குத் தொடுக்க முடியாது என்கிறது அதன் 18ஆம் பிரிவு.

இரண்டாம் உலகப் போரின் முதல் குண்டு தமிழ்த் தொழிலாளிமீது பாய்ந்தது ஐரோப்பாவில் அன்று, இலங்கையில். கண்டிக்கு அருகே முல்லோயா தேயிலைத் தோட்டத்தில் சங்கம் வைக்கும் உரிமையும் நாட்கூலியில் 16 சத உயர்வும் கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது, 1940 ஜனவரி 10 அன்று போலீசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அடுத்த ஆண்டு மலாயாவின் கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் தமிழர்கள் வேலையை நிறுத்தினர். போருக்கு ரப்பர் இன்றியமையாதது, விலை ஏறியது, கூலி மட்டும் ஏறவில்லை. ஆனால் அவர்களுடைய கோரிக்கைகளில் கூலியோடு வேறு சிலவும் இருந்தன. தோட்டத்துக்குள் கள்ளுக்கடை கூடாது; பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும்; துரையோ கிராணியோ, அதாவது தோட்ட மேலாளரோ எழுத்தரோ, எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும். சைக்கிளிலிருந்து இறங்க மறுத்த மனிதனின் எழுச்சியைக் கூலிக் கணக்கு மட்டும் விளக்காது. 1941 மே மாதம் அவர்களுடைய தலைவரான பத்திரிகையாளர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, ஐவர் உயிரிழந்தனர்.

1942 மார்ச் 8 அன்று இரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தது. தமிழகத்தின் பற்றாக்குறையை ஈடுகட்டி வந்த பர்மா அரிசி அந்த வாரத்தோடு நின்றது. லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியே நடந்து தாயகம் திரும்பினர். பர்மாவிலும் மலாயாவிலும் பிழைத்தவர்களின் பணத்தை எதிர்பார்த்திருந்த புதுக்கோட்டை, செட்டிநாட்டு ஊர்களில் அடுப்பின் நிலை மாறியது. நாடு முழுவதும் மொத்த விலைக் குறியீடு 1944க்குள் போருக்கு முந்திய அளவைப் போல் இரு மடங்கைத் தாண்டியிருந்தது.

பொன்மலை இந்த நிலைமையைத் தாங்கிக்கொண்டு வேலை செய்தது. தென்னிந்திய ரயில்வேயின் இப்பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து 1920களின் பிற்பகுதியில் இங்கு மாற்றப்பட்டபோதே ஒரு போராட்டத்தோடுதான் பிறந்தது. இடமாற்றத்தைச் சாக்கிட்டு நிர்வாகம் ஆட்குறைப்பில் இறங்க, 1928 ஜூலையில் நடந்த பெரும் வேலைநிறுத்தம் ஒடுக்கப்பட்டு, அதன் தலைவர்களான சிங்காரவேலர், முகுந்தலால் சர்க்கார் ஆகியோருக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. போர் வந்தபோது ரயில்வே பணிமனைகள் எஞ்சினையும் பெட்டியையும் பழுதுபார்ப்பதோடு போர்த்தளவாட வேலைகளையும் ஏற்றன. பொன்மலையில் போர் விமானங்கள்கூடப் பழுதுபார்க்கப்பட்டன. வார்ப்படப் பட்டறையும் கொல்லுப்பட்டறையும் கொதிகலன் பிரிவும் மிகைநேரம் இயங்கின. தற்காலிகம் என்ற பெயரில் புதிய ஆட்கள் சேர்க்கப்பட்டனர். எஞ்சின்களிலும் பெட்டிகளிலும் ஒரு பகுதி மேற்காசியப் போர்முனைக்குக் கப்பலேற்றப்பட்டதால், எஞ்சியவற்றை வைத்துக்கொண்டே படையையும் சரக்கையும் மக்களையும் சுமக்க வேண்டியதாயிற்று. பழுது பெருகியது, பட்டறைக்கு வேலையும் பெருகியது.

இந்தக் கைகள் நிற்காமலிருக்க அரசு இரண்டு கயிறுகளைக் கட்டியது. இன்றியமையாப் பணிகள் பராமரிப்பு அவசரச் சட்டம், 1941, அரசின் அனுமதியின்றி வேலையைவிட்டுப் போவதைக் குற்றமாக்கியது. பிரிட்டனின் விடுகைச் சான்றுக்கு இது தூரத்து உறவு. 1942 ஜனவரியில் இந்தியப் பாதுகாப்பு விதிகளில் 81-ஏ என்ற புதிய விதி சேர்க்கப்பட்டது. எந்தத் தொழில் தகராறையும் அரசு தானே ஒரு நடுவரிடம் ஒப்படைக்கலாம், அவர் தீர்ப்பு இரு தரப்பையும் கட்டும், அதுவரை வேலைநிறுத்தமோ கதவடைப்போ கூடாது என்பது அதன் சாரம். 14 நாள் முன்னறிவிப்பின்றி எந்தத் தொழிலிலும் வேலைநிறுத்தம் கூடாதென்றும் அவ்வாண்டே ஆணை வந்தது. மறுபுறம், 1942 ஜூலையில் தடை நீங்கிய கம்யூனிஸ்டுக் கட்சி, பாசிசத்தை எதிர்க்கும் மக்கள் போர் என்று இப்போரை ஏற்று, உற்பத்தியைக் குலைக்கும் வேலைநிறுத்தங்களைத் தவிர்க்கச் சொன்னது. பொன்மலையின் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர் சங்கம் அக்கட்சியின் செல்வாக்கில் இருந்தது. காரணம் வேறு, கொள்கை வேறு. ஆனால் 1918இல் வாடியா சொன்னதையே 1942இல் அவர்களும் சொன்னார்கள்.

பொறுமைக்கு ஈடாகத் தரப்பட்டது பஞ்சப்படி. 1940இல் நீதிபதி பி. என். ராவ் தலைமையில் அமைந்த விசாரணை மன்றம், குறைந்த சம்பள ரயில்வே ஊழியருக்கு அதை வழங்கப் பரிந்துரைத்தது. பின்னர் சலுகை விலையில் அரிசியும் பருப்பும் எண்ணெயும் தரும் ரயில்வே தானியக் கடைகள் திறக்கப்பட்டன. பணமாகத் தருவது விலைக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். தானியமாகத் தருவது அந்த ஓட்டத்தை நிறுத்தும். ஆகவே ரயில்வே தொழிலாளியின் குடும்பத்துக்கு அந்தக் கடை சம்பளத்தைவிட மேலானதாக இருந்தது என்றால் தவறில்லை. வேலை போனால் கூலியோடு கடையும் போகும்.

அந்த அச்சம் 1945இல் வாசலுக்கே வந்தது. போருக்கென்று சேர்த்த தற்காலிக ஆட்கள் இனித் தேவையில்லை என்றது நிர்வாகம். அகில இந்திய ரயில்வே ஊழியர் சம்மேளனம் 1946 ஜூன் 27 முதல் நாடு தழுவிய வேலைநிறுத்தம் என்று அறிவித்துப் பின்னர் ஒத்திவைத்தது. தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர்கள் காத்திருக்கவில்லை, ஆகஸ்டில் இறங்கிவிட்டனர். அந்த ஆண்டு தமிழகத் தொழிலாளருக்கு ஏற்கெனவே ஒரு துயரத்தோடு விடிந்திருந்தது: கோவைப் பகுதி இரங்கவிலாஸ் ஆலைத் தொழிலாளர்களான சின்னியம்பாளையத்து நால்வர் ஒரு கொலை வழக்கில் ஜனவரி 8 அன்று தூக்கிலிடப்பட்டிருந்தனர். செப்டம்பர் 2 அன்று டெல்லியில் நேரு தலைமையில் இடைக்கால அரசு பொறுப்பேற்றது. சென்னையில் பிரகாசம் முதல்வராகவும், தாமே ரயில்வே தொழிற்சங்கத் தலைவராக இருந்த வி. வி. கிரி தொழிலாளர் அமைச்சராகவும் இருந்தனர். இடைக்கால அரசு பொறுப்பேற்று மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 5 அன்று, பொன்மலை சங்கத் திடலில் மலபார் சிறப்புப் போலீசார் சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தனர். தொழிலாளர் தொகுதியிலிருந்து அவ்வாண்டுதான் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அனந்தன் நம்பியார் உள்படப் பலர் தாக்கப்பட்டனர். அந்நிய அரசு சுட்டது என்று சொல்லித் தேற்றிக்கொள்ளும் வாய்ப்புக்கூட அந்த ஐந்து குடும்பங்களுக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. திடலில் இன்றும் ஆண்டுதோறும் செப்டம்பர் 5 அன்று செங்கொடி ஏற்றி அவர்களை நினைவுகூர்கிறார்கள்.

1947இல் வரதாச்சாரியார் தலைமையிலான முதல் ஊதியக் குழு, மத்திய அரசின் கடைநிலை ஊழியருக்கு மாதம் 30 ரூபாய் அடிப்படைச் சம்பளமும் 25 ரூபாய் பஞ்சப்படியும் பரிந்துரைத்தது. 55 ரூபாயில் 25 ரூபாய் போரின் விலை. போர் முடிந்து இரண்டாண்டு ஆகியும், விலை பழைய இடத்துக்குத் திரும்பாது என்று அரசே ஒப்புக்கொண்ட கணக்காக அதைக் கொள்ளலாம்.

81-ஏ விதி போரோடு முடிந்திருக்க வேண்டும். 1946 அக்டோபர் 1 அன்று அது காலாவதியாக வேண்டிய நிலையில், ஓர் அவசரச் சட்டத்தால் மேலும் ஆறு மாதம் உயிரோடு வைக்கப்பட்டது. அந்த ஆறு மாதம் முடிவதற்குள், அதன் சாரத்தை உள்வாங்கிய தொழில் தகராறுகள் சட்டம் நிறைவேறி 1947 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தொழிலாளி தனியாகவோ சங்கமாகவோ முதலாளியோடு நேருக்கு நேர் பேசி முடிவெடுக்கும் வழியைக் காட்டிலும், அரசு நடுவில் அமர்ந்து தீர்ப்புச் சொல்லும் வழியே இந்தியாவில் நிலைத்தது. நலிந்த சங்கங்களுக்கு இது அரண் என்று சிலர் கருதினர்; கிரி இறுதிவரை இதை எதிர்த்தார், பேசித் தீர்க்கும் பழக்கத்தையே இது கொன்றுவிடும் என்பது அவர் கருத்து. பொன்மலைத் துப்பாக்கிச்சூடு நடந்த ஆண்டில் பதவியில் இருந்தவர் என்பதற்காக அவர் சொன்னதைத் தள்ளிவிடத் தேவையில்லை.

14 நாள் முன்னறிவிப்பின் கதை தனி. 1929ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது ரயில், தபால், குடிநீர் போன்ற பொதுப் பயன்பாட்டுப் பணிகளுக்கு மட்டும் இருந்தது. 1942இல் போரைக் காட்டி எல்லாத் தொழில்களுக்கும் விரிந்தது. 1947இல் மீண்டும் பொதுப் பயன்பாட்டுப் பணிகளின் அளவுக்குச் சுருங்கியது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், போர் எதுவும் நடக்காத காலத்தில், அந்தக் கட்டுப்பாட்டை எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் திரும்ப விரித்திருக்கிறது.